டொரன்டோவிலிருந்து நாலு நிமிடம்

மீனம்பாக்கத்து வருகைக் கூடத்தின் கதவு விலகியதுமே காந்திமதிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பினாயில் வாடை, தேங்காய் எண்ணெய் வாடை, ஊதுவத்தி வாடை. இந்த மூன்றையும் மீறி அடியில் இன்னொன்று கிடந்தது. தூக்குச்சட்டியில் மறந்துபோன சோற்றை நாலு நாள் கழித்துத் திறந்தால் வருமே, அது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவள் கணவர் ஆவுடையப்பனோ கல்யாண வீட்டுக்குள் நுழைகிறவரைப் போலச் சிரித்த முகத்தோடு முன்னால் போனார்.

எதிர்ச் சுவரில் ஒளிப்பலகை மின்னியது. டொரன்டோ - சென்னை. தொலைவு பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர். பயண நேரம் நாலு நிமிடம்.

“பாத்தியாட்டி, நாலே நிமிஷம்!” என்றார் ஆவுடையப்பன், என்னவோ தானே கண்டுபிடித்தது மாதிரி. “எங்க அப்பா காலத்துல ஒரு நாள் முச்சூடும் உக்காந்த மேனிக்கு வருவாங்களாம். எறங்கும்போது காலு ரெண்டும் வீங்கிக் கெடக்குமாம். இப்ப நம்ம வடிவு கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள வந்து நிப்பா.”

“நீங்க அதை நம்புதியளா?”

“நம்பாம? போர்டுல போட்டிருக்காம்லா.”

போர்டில் போட்டிருந்தது பொய்யில்லை. அதுதான் அதில் இருந்த அசிங்கம். விமானத்தை யாரும் வேகமாக்கவில்லை. ‘இமைப்பொழுது’ என்ற நிறுவனம் துயிற்பேழையைக் கொண்டுவந்தது, அவ்வளவுதான். ஆள் நீளத்துக்கு ஒரு பெட்டி. படுத்ததும் மூக்குக் குழாய் வழியாகத் துயில்நீர் இறங்கும். கண் சொருகுவதற்கு இரண்டு நிமிடம், போன இடத்தில் கண் விழிப்பதற்கு இரண்டு நிமிடம். நடுவில் நடந்தது எதுவும் பயணிக்குத் தெரியாது. அந்த நாலு நிமிடத்துக்கு உணர்நேரம் என்று பெயர் வைத்தார்கள். முதலில் பேழைகளை நிஜமாகவே விமானத்தில்தான் ஏற்றினார்கள். பிறகு நிறுவனத்தில் யாரோ ஒரு புத்திசாலி, தூங்குகிறவனுக்கு என்ன அவசரம் என்று கேட்டிருக்கிறான். விமானம் போய்க் கப்பல் வந்தது. கப்பலிலும் எண்ணெய் மிச்சம் பிடிக்க, இயந்திரத்தை அணைத்துவிட்டு நீரோட்டத்தோடு மிதக்க விட்டார்கள். உணர்நேரச் சட்டம் என்று ஒன்றும் வந்தது. பயணி உணர்கிற நேரம் மட்டுமே நேரம்; மற்றதெல்லாம் கணக்கில் வராது. இமைப்பொழுதின் பயணம் ஒருநாளும் தாமதமானதில்லை. வழியில் செத்துப்போனவர்கள்கூட நாலு நிமிடத்தில்தான் வந்து சேர்ந்தார்கள்.

இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் யாரும் பேசுவதில்லை. ‘வர எத்தனை நாளாச்சு?’ என்று ஊரிலிருந்து வந்தவரைக் கேட்பது, பெண்ணின் வயதைக் கேட்பதைவிட அநாகரிகமாகிவிட்டது.

காந்திமதிக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. மகள் வடிவின் கல்யாணத்துக்கு டொரன்டோ போனபோது இரண்டு உள்ளங்கையிலும் செக்கச்செவேல் என்று மருதாணி வைத்திருந்தாள். நாலு நிமிடம் கழித்துப் போய் இறங்கினால் உள்ளங்கை வெளுத்திருந்தது. நகத்தின் நுனியில் மட்டும் பிறை மாதிரி ஒரு துளிச் சிவப்பு. அவள் அதைக் கணவரிடம் காட்டினாள். “மட்டமான இலையா வாங்கியிருப்பே,” என்று சொல்லிவிட்டு அவர் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்துக் கும்பிடப் போய்விட்டார்.

இப்போது வடிவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பை டொரன்டோவிலேயே சம்பந்தியம்மா முடித்துவிட்டாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில். எட்டாம் மாதம் ஆகாது என்று ஏழிலேயே கிளம்பச் சொன்னவர் ஆவுடையப்பன். டொரன்டோவின் ராகுகாலத்தைப் பார்ப்பதா சென்னையின் ராகுகாலத்தைப் பார்ப்பதா என்று ஜோசியரோடு சண்டையே போட்டார். கடைசியில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு நல்ல நேரம் கிடைத்தது. புறப்படுவதும் அதற்குள், வந்து சேர்வதும் அதற்குள். நாலு நிமிடம்தானே! நடுவில் கிடக்கிற கடலுக்கு யாரும் ஜோசியம் பார்க்கவில்லை.

கிளம்புமுன் வடிவு தொலைபேசியில் அழுதாள். சின்ன வயதிலிருந்தே ஊசிக்குப் பயப்படுகிற பெண். “பிரசவத்தை நெனச்சாலே கை நடுங்குதும்மா. நீ பக்கத்துல நின்னு கையப் புடிச்சுக்கோ. அது போதும் எனக்கு.”

“புடிச்சுக்காம எங்க போவப் போறேன்? அந்த நேரத்துல உங்கப்பா வந்து கூப்பிட்டாக்கூட விட மாட்டேன்,” என்றாள் காந்திமதி.

அதற்காகத்தான் வந்திருந்தாள். அந்தக் கையைப் பிடிப்பதற்கு.

கூடத்தில் ஒரு நாற்காலிகூட இல்லை. வரவேற்க வந்தவர்கள் ஒரு காலத்தில் கொடி பிடித்தார்களாம். பயணிக்கு நாலு நிமிடம், காத்திருக்கிற நாங்கள் மட்டும் என்ன பாவம் செய்தோம் என்று. நிறுவனம் உடனே நாற்காலிகளை எடுத்துவிட்டு, காத்திருப்போருக்கும் இலவசமாகப் பேழை போட்டுவிட்டது. வழியனுப்பி வைத்தவர்களுக்கும் வீட்டிலேயே ஒன்று கொடுத்தார்கள். வடிவை ஏற்றிவிட்ட கையோடு மாப்பிள்ளையும் டொரன்டோவில் படுத்துவிட்டார். அவள் திரும்பி வரும்போது எழுப்புவார்கள்.

வரிசை வரிசையாகப் பேழைகள். வரவேற்பு அலுவலன் பிரணவ் ஒன்றைத் திறந்து காட்டினான். கழுத்தில் டை, கன்னத்தில் குழி, சிரிப்பில் குறையே சொல்ல முடியாது. காந்திமதி எட்டிப் பார்த்தாள். தலை வைக்கும் இடத்தில் யார் யாரோ தலையின் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்திருந்தது. ஓரத்தில் ஒரு நரைமுடி சுருண்டு கிடந்தது. மூக்குக் குழாயின் முனை மஞ்சளாக இருந்தது.

“இதுலயா? எவனோ மூக்குல வச்சத எம் மூக்குலயா?”

“கிருமி நீக்கம் பண்ணிருக்கோம் மேடம்.”

“கெடக்கட்டும். நான் படுக்க மாட்டேன்.”

ஆவுடையப்பனுக்கு அவமானமாகிவிட்டது. “ஏட்டி, ஊரே படுத்திருக்கு. ஒனக்கு மட்டும் என்ன கொள்ள? நாலு நிமிஷம்!”

“நீங்க படுங்க. நான் முழிச்சிருந்து எம் மகளப் பாக்கேன்.”

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த விபூதியை நெற்றியில் பூசிக்கொண்டு, குழந்தை தொட்டிலில் ஏறுவதுபோல ஆசையாக ஏறிப் படுத்தார். மூடி இறங்கியது. காந்திமதி அந்தப் பேழையின் பக்கத்திலேயே தரையில் துண்டை விரித்து உட்கார்ந்தாள். அக்கினி நட்சத்திரம் தொடங்கியிருந்த சமயம் அது.

பிள்ளைத்தாய்ச்சியைச் சீக்கிரம் கொண்டுவந்துவிடுவார்கள், ஒரு வாரம் ஆகும் என்று நினைத்திருந்தாள். மிஞ்சினால் பத்து நாள். ஆனி பிறந்தும் கப்பல் வரவில்லை.

விழித்திருக்கிறவளுக்கு அந்தக் கூடம் காட்டியதை எந்த விளம்பரமும் காட்டியதில்லை. தினமும் துலக்குநர்கள் வாளியும் கையுறையுமாக வந்தார்கள். பேழையைத் திறந்து, உள்ளே கிடப்பவர்களைப் புரட்டி, அடியில் தேங்கியதை வழித்து, தாடியை மழித்து, நகத்தை வெட்டினார்கள். வெட்டிய நகம் தரையில் அரிசி நொய்மாதிரிக் குவிந்தது. பெண்களின் நரைக்குச் சாயம் பூசினார்கள். படுத்த இடத்தில் தோல் உரிந்து புண்ணானவர்களுக்குத் தோல் நிறத்திலேயே பட்டை ஒட்டினார்கள். கண் விழிக்கிறவன் தன்னைப் பார்த்துச் சந்தேகப்படக் கூடாது. துலக்குவதன் நோக்கமே அதுதான். சாகாமல் வைத்திருப்பதெல்லாம் அதற்கு அடுத்தபடி.

ஆவுடையப்பனை முதல்முறை புரட்டியபோது காந்திமதி ஓடிப்போய்க் கழிவறையில் வாந்தி எடுத்தாள். முப்பது வருஷம் குடித்தனம் பண்ணிய மனுஷன். அவருடைய தொடை கோழிக்கால் மாதிரிச் சூம்பியிருந்தது. வாயோரம் வழிந்த துயில்நீர் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அந்த வாயில் இன்னும் அந்தச் சிரிப்பு இருந்தது. அவளுக்கு அவர்மீது இரக்கம் வரவில்லை. அருவருப்புதான் வந்தது. அதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் வந்தது.

துலக்குநர்களில் ரெஜினா என்பவள்தான் அவளிடம் பேசினாள். காசிமேட்டுக்காரி. தன் மதியச் சோற்றில் பாதியைத் தள்ளி வைப்பாள்.

“இன்னா யம்மா நீ, குந்தினே கீற? ஊட்டுக்குப் போயி வாயேன். கப்பல் வந்தா சொல்லி அனுப்புறேன்.”

“நான் போன நேரம் பாத்து வந்துட்டா? எம் மக கண்ணத் தொறக்கும்போது நான் நிக்கணும். அவளுக்கு மாசம் வேற ஆயிட்டு.”

ரெஜினா சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். “மாசமா இருக்குதா உன் பொண்ணு?”

“வயித்துப் பிள்ளையும் சேந்து தூங்கும்னு சொன்னாங்க. அப்படியே நிக்குமாம். எட்டிப் பாக்காதாம்.”

“நகம் வளருது, முடி வளருது. நான்தான் வெட்டினுகீறேன். வயிறு மட்டும் நிக்குமா?”

காந்திமதி கையிலெடுத்த சோற்றைக் கீழே வைத்தாள். எழுந்து நேரே பிரணவின் மேசைக்குப் போனாள். அவனைப் பிடிப்பதே கஷ்டம். கப்பல் வராத நாட்களில் அவனும் உள்ளறையில் பேழை போட்டுப் படுத்துவிடுவான். அவனுக்கு வாழ்க்கை என்பது வருகைகளின் தொடர்ச்சி. அதனால்தான் எப்போதும் குளித்துவிட்டு வந்தவன் மாதிரிப் பளிச்சென்று இருந்தான். காந்திமதி உள்ளறைக் கதவை உதைத்தே எழுப்பினாள்.

“மேடம், இப்பதானே வந்தீங்க?”

“எப்ப வந்தேன்னு எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. எம் மக எங்க?”

“வந்துட்டே இருக்காங்க மேடம்.”

“எத்தன நாளாவும்?”

அவன் முகம் சிவந்தது. கூடத்தில் வேறு யாரும் கேட்டுவிட்டார்களா என்று பார்த்தான். கேட்பதற்கு யார் விழித்திருந்தார்கள்? “அப்படிக் கேக்கக் கூடாது மேடம். நாங்க நாள் கணக்கு வச்சுக்கறதே இல்ல.”

கண்ணாடிச் சுவருக்கு வெளியே அப்போது ஒரு விமானம் இறங்கியது. நிஜமான விமானம். அதன் வயிற்றைத் திறந்து பெட்டி பெட்டியாக இறக்கினார்கள்.

“அதுல என்ன வருது?”

“வெளிநாட்டு மீன் மேடம். இங்கேருந்து இறால், மல்லிகைப்பூ போகும். ஒரே நாள்ல டொரன்டோ போயிடும்.”

“மீனுக்கு ஒரு நாளு. எம் மகளுக்கு ரெண்டு மாசமா?”

“மீன் கெட்டுப்போயிடும் மேடம்,” என்றான் பிரணவ், பாடம் சொல்வதுபோல. “மல்லிகை வாடிடும். மனுஷங்க அப்படி இல்லையே.”

“அப்ப எம் மகள இறால் பெட்டியில போட்டு அனுப்பச் சொல்லு. மேல ஐஸக் கொட்டட்டும். பரவால்ல.”

“அதுல ஆட்களுக்கு அனுமதி இல்ல மேடம். பாதுகாப்பு விதி.”

அவனை அறைய வேண்டும்போல் கை பரபரத்தது. அறையவில்லை. அவன் கன்னத்தைத் தொடவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஆடிக் காற்று கண்ணாடியை அடித்துவிட்டுப் போனது. காந்திமதி இரவும் பகலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகளுக்கு இப்போது வலி கண்டிருக்கும், இப்போது பனிக்குடம் உடைந்திருக்கும் என்று நினைத்து நினைத்து அவளுக்கே இடுப்பு வலித்தது. எந்தக் கடலில், யார் கையைப் பிடித்துக்கொண்டு? கப்பலில் விழித்திருக்கிறவர் என்று ஒருவர்கூடக் கிடையாது; பேழைகளைப் பார்த்துக்கொள்வது இயந்திரங்கள்தான். வெளியே தீபாவளி வெடி கேட்டது. அடைமழை பெய்து ஓய்ந்தது. அவள் தலை வெளுத்தது. துலக்கும் அறையில் தினமும் இரண்டு வாளித் தண்ணீரில் குளிப்பாள். ஆனாலும் கூடத்தின் வாடை அவள் சேலையில் ஏறிக்கொண்டது. எவ்வளவு கசக்கினாலும் போகவில்லை.

பொங்கல் கழிந்து சில நாளில் லாரிகள் வந்தன. துறைமுகத்தில் இறக்கிய பேழைகளை விமான நிலையத்துக்குக் கொண்டுவந்துதான் திறப்பார்கள். கண் விழிக்கிறவர்கள் விமானத்தைப் பார்க்க வேண்டும் அல்லவா?

ரெஜினா ஓடி வந்தாள். கையுறைகூடக் கழற்றவில்லை. “யம்மா, வா. உன் பொண்ணு வந்துகிது.” பிறகு காந்திமதியின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். “ஒண்டியா வரல.”

பேழைக்குள் வடிவு கிடந்தாள். கன்னம் ஒட்டி, வளைகாப்பு வளையல் முழங்கை வரை நழுவியிருந்தது. வயிறு காற்றுப் போன பை மாதிரித் தொளதொளத்திருந்தது. அதில் ஒரு நேரான தையல், இயந்திரம் போட்டது. மார்பில் ஒட்டியிருந்த குழாய் ஒன்று பாலை உறிஞ்சிக் கழிவுத் தொட்டிக்குள் விட்டுக்கொண்டிருந்தது. மாதக்கணக்காக விட்டிருக்க வேண்டும். தொட்டி ஓரத்தில் அது திரிந்து கட்டியாக நின்றது. காலடியில் சின்னதாக ஒரு பெட்டி, ஐஸ் பெட்டி அளவுக்கு. மேலே ‘கூடுதல் சுமை’ என்று ஒட்டியிருந்தது.

பெட்டிக்குள் ஆண் குழந்தை. மூக்கில் குழாய். பிறந்த கணத்திலேயே இயந்திரம் அதற்கும் துயில்நீரைச் செலுத்தியிருக்கிறது. பயணி யாரும் விழித்திருக்கக் கூடாது என்பது அதற்குக் கொடுத்த கட்டளை. அது கட்டளைப்படி நடந்திருக்கிறது. ரெஜினா ஒரு விரலால் குழந்தையின் உதட்டை விலக்கினாள்.

“பல்லு மொளச்சிகிது யம்மா,” என்றாள். அவள் குரல் உடைந்தது. “இன்னும் கண்ணே தொறக்கல.”

காந்திமதி பேழையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மகளுடைய கை பக்கத்திலேயே கிடந்தது. அதை இனிமேல் பிடித்து என்ன ஆகப் போகிறது?

பிரணவ் வந்தான். முதலில் துலக்கிவிட வேண்டும், பிறகுதான் எழுப்புவோம் என்றான். தையலுக்கு மேல் தோல் பட்டை ஒட்டச் சொன்னான். “பயணிக்கு நேரம் உறுத்தக் கூடாது மேடம்.”

“உறுத்தட்டும்! நல்லா உறுத்தட்டும்! அவளுக்குத் தெரிய வேண்டாமா?”

அவள் கத்தியது கூடமெங்கும் எதிரொலித்தது. யாரும் புரண்டுகூடப் படுக்கவில்லை. அவர்கள் வடிவைத் துலக்கினார்கள். கன்னத்தில் ஏதோ பூசிக் குழி தெரியாமல் ஆக்கினார்கள். வளையலைச் சரியாக மணிக்கட்டுக்கு இறக்கிவிட்டார்கள். பிறகு ஒரே நேரத்தில் பயணிகளும் காத்திருந்தவர்களும் கண் விழித்தார்கள். கூடம் முழுக்கக் கொட்டாவியும் சிரிப்புமாக நிறைந்தது. ‘அட, அதுக்குள்ள வந்தாச்சா!’

ஆவுடையப்பன் எழுந்து உட்கார்ந்ததும் வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது. அதைப் பிடித்துக்கொண்டு, “பாத்தியாட்டி, நான் சொன்னேம்லா!” என்றார். பிறகுதான் மனைவியின் தலையைப் பார்த்தார். “என்னட்டி இது, தலையில சுண்ணாம்பக் கொட்டிக்கிட்டியா?”

வடிவு விழித்ததும் சிரித்தாள். கை பழக்கமாக வயிற்றைத் தேடியது. அங்கே எதுவும் இல்லை. அவள் கண்கள் அகலமாயின. காந்திமதி பெட்டியிலிருந்து குழந்தையை எடுத்து நெஞ்சோடு அணைத்தபடி அருகில் போனாள். நெருங்கியபோது வடிவின் கை சட்டென்று மேலே எழுந்து மூக்கைப் பொத்திக்கொண்டது.

“அம்மாவா நீ? ஏம்மா இப்படி நாறுது ஒம்மேல?”

காந்திமதி நின்ற இடத்தில் நின்றுவிட்டாள்.

“வாழ்த்துகள்!” என்றான் பிரணவ். அவன் கையில் பூங்கொத்து தயாராக இருந்தது. “ஒரு துளி வலி இல்லாம, நாலு நிமிஷத்துல ஆண் குழந்தை. எங்க நிறுவனத்துல இது முதல்முறை.”

பக்கத்துப் பேழைக்காரி கைதட்டத் தொடங்கினாள். கூடமே சேர்ந்துகொண்டது. மேடிட்ட வயிற்றோடு யாரையோ வரவேற்க வந்திருந்த ஒருத்தி மட்டும் தட்டவில்லை. கீழே குனிந்து, தட்டையாகிப்போன தன் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, பேழைக்குள் காலடியில் தேடிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கவனிக்கவில்லை.

“வலியே இல்லையா?” என்றார் ஆவுடையப்பன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “அடி சக்கை! எங்க அம்மா என்னப் பெக்க ரெண்டு நாள் துடிச்சாளாம். நல்ல நேரம் பாத்துக் கெளம்பினது வீண் போகல பாரு.”

அந்தச் சமயம் பார்த்துக் குழந்தைக்குத் துயில் தெளிந்தது. அது கண்ணைத் திறந்தது. வெளிச்சம் என்று ஒன்று இருப்பதே அதற்கு அன்றுவரை தெரியாது. சத்தம், முகங்கள், பசி, எல்லாம் ஒரே கணத்தில் வந்து அதன்மேல் விழுந்தன. அது அலறியது. பிறந்த குழந்தையின் அழுகை இல்லை அது. பல் முளைத்த தொண்டையின் முழு அலறல். கைதட்டல் நின்றது. எல்லோரும் முகத்தைச் சுளித்துக்கொண்டார்கள்.

“புடி தாயி. ஒம் பிள்ள,” என்று காந்திமதி நீட்டினாள்.

வடிவு வாங்கிக்கொண்டாள். கையில் தூக்கத் தெரியாமல், சூடான பாத்திரத்தைப் பிடிப்பதுபோல விலக்கிப் பிடித்தாள். அது மூக்கும் வாயும் ஒழுக அவள் மார்பில் முட்டியது. அவள் முகம் கோணியது. “அம்மா, இது என்னோடதுதானா? எனக்கு வலிக்கவே இல்லையேம்மா. ஒண்ணுமே தெரியலையே. யாரோ எடுத்துக் கையில குடுத்த மாதிரி இருக்கு.” அவள் அழுதாள். நிஜமான அழுகைதான். அந்த ஒரு நிமிடம் காந்திமதியின் வயிறு மகளுக்காகப் பற்றி எரிந்தது. நாற்றத்தையும் நரையையும் மறந்து அவள் தோளைப் பிடித்தாள்.

“ஒன்னோடதுதாம்ளா. ரெண்டு நாள் மடியில போட்டுக்கோ. ராத்திரி முழிச்சுக் கெட. பசியில அழும், நீயும் கூட அழு. வந்துரும். எல்லாம் வந்துரும்.”

“எவ்வளவு நாள் இப்படி அழும்?”

காந்திமதியைத் தவிர அந்த ஊரில் யாருமே கேட்காத கேள்வியை வடிவு கேட்டுவிட்டாள். பிரணவுக்கு அதற்குப் பதில் இருந்தது.

“எதுக்கு மேடம் கஷ்டப்படணும்? நீங்க எங்கேயும் போகக்கூட வேண்டாம். இங்கேயே படுத்துக்குங்க. பெரியவங்க யாராவது குழந்தையைப் பாத்துக்கட்டும். அது நடந்து, பேசி, தானாச் சாப்பிடற வயசு வந்ததும் எழுப்பிடறோம். உங்களுக்கு அதே நாலு நிமிஷம்தான்.”

அவனே சொல்லி முடித்துவிட்டு ஒரு கணம் அசந்துபோய் நின்றான். ஊர் விட்டு ஊர் போகாமலே பயண நேரத்தை விற்கலாம் என்பது அவனுக்கே அப்போதுதான் உறைத்தது போலும். கப்பல் வேண்டாம், கடல் வேண்டாம். பதின்மூன்றாயிரம் கிலோமீட்டரும் இத்தனை நாளும் தண்டச் செலவு.

“நல்ல யோசனையால்லா இருக்கு!” என்றார் ஆவுடையப்பன். “பேரன் ஓடியாடி விளையாடுத வயசுல பாத்தா எவ்வளவு நல்லாருக்கும்! நானும் படுக்கேன்.”

வடிவு தாயைப் பார்த்தாள். காந்திமதி தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று. குழந்தை மறுபடியும் முட்டியது. மார்பில் பால் சுரந்து வடிவின் ரவிக்கை நனைந்தது. அவள் குனிந்து அந்த ஈரத்தைப் பார்த்தாள். யாரோ தன்மேல் துப்பிவிட்டதைப்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நீயே வச்சுக்கோம்மா. ஒனக்குத்தான் இதெல்லாம் அருவருப்பே கெடையாதே. நாலு நிமிஷம் பாத்துக்கோ. எழுந்ததும் நான் நல்லாப் பாத்துக்குவேன். சத்தியமா.”

குழந்தை காந்திமதியின் கைக்குத் திரும்பி வந்தது. ஆவுடையப்பன் தன் பேழையிலும் வடிவு தன் பேழையிலும் படுத்தார்கள். மகள் மூக்கில் தானே குழாயைச் செருகிக்கொண்டாள். ஊசியைக் கண்டாலே ஓடி ஒளிகிறவள், நடுங்காமல் செருகினாள். பிரணவ் இரண்டு பேழைக்கும் நடுவில் நின்று காந்திமதியைப் பார்த்தான். பயணமாக இருந்தால் கப்பல் வந்ததும் எழுப்பிவிடலாம். இது பயணம் இல்லை. யாராவது ஒருவர் நாள் சொல்லியாக வேண்டும்.

“எப்ப மேடம் எழுப்பட்டும்?”

குழந்தை அவள் தோளில் முகத்தை வைத்துத் தேய்த்தது. அந்தச் சேலையின் வாடை அதற்கு ஒன்றும் செய்யவில்லை போலிருக்கிறது. விசும்பல் மெல்ல அடங்கியது. காந்திமதி கண்ணாடி மூடிக்குள் பார்த்தாள். துலக்கிய கன்னம், சரியாக இறக்கிவிட்ட வளையல், வாயோரம் அப்பனின் அதே சிரிப்பு. அவள் அருவருப்போடு பார்வையை விலக்கினாள்.

“இவன் வளந்து, இங்க வந்து நின்னு, ‘இது யாரு’ன்னு கேப்பாம்லா,” என்றாள். “அப்ப எழுப்பு.”